உட்காராத அத்தை

அந்த வரியை அவள் எழுதியது கல்லூரி மாடிப்படியில், வகுப்புக்குப் பத்தே நிமிடம் இருக்கும்போது. முட்டியில் நோட்டை வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, கடகடவென்று எழுதினாள்: 'முப்பது ஆண்டுகளாக என் அத்தை உட்கார்ந்ததே இல்லை.' எழுதி முடித்ததும் அவளே அதை மூன்று முறை படித்துப் பார்த்தாள். அவ்வளவு நல்ல வரி. அதில் இருந்த ஒரே குறை, அது சுத்தப் பொய் என்பதுதான்.

பொய் எழுதுவதில் என்ன தப்பு, கதை என்றால் அப்படித்தானே என்று யாராவது கேட்கலாம். தப்புதான். ஏனென்றால் அது புகைப்படமும் உண்மைக் கதையும் சேர்ந்த வகுப்பு. நிஜமான ஆள், நிஜமாக நடந்தது. ஆனால் கதை மாதிரி சுவையாக எழுத வேண்டும், கூடவே பத்துப் படம் எடுத்து ஒட்ட வேண்டும். வகுப்பு நடக்கும் அறைக்கு ஸ்டூடியோ என்று பெயர். நான்கு சுவரிலும் ஊசி குத்துவதற்கு வசதியான பலகை, ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் நின்றபடியே தூங்கும் வித்தையை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்று வைத்திருந்தார்கள்.

இரண்டு ஆசிரியர்கள். படம் சொல்லிக்கொடுப்பவர் படத்து சார், எழுதச் சொல்லிக்கொடுப்பவர் எழுத்து மேடம். தனித்தனியாக நிம்மதியாக இருந்த இரண்டு வகுப்பையும் கல்லூரி ஒன்றாக முடிச்சுப் போட்ட நாளிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "மேடம்கிட்ட சொல்லுப்பா, இந்தப் படத்துக்கு வார்த்தையே வேண்டாம்னு" என்பார் சார். "சார்கிட்ட சொல்லும்மா, வேண்டாம்னு சொல்றதுக்கே நாலு வார்த்தை ஆச்சுன்னு" என்பார் மேடம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள்: 'படம் சொல்லாததை எழுத்து சொல்லலாம். படம் மறுப்பதை எழுத்து சொல்லக் கூடாது.' வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் தங்கள் படத்தையும் எழுத்தையும் சுவரில் மாட்ட வேண்டும். சார் ஒரு டப்பி நிறைய சிவப்புத் தலை குண்டூசியோடு வருவார். எந்த வாக்கியத்தைப் படம் மறுக்கிறதோ அந்த வாக்கியத்தின் நெஞ்சிலேயே ஒன்று இறங்கும். மேடத்திடம் நீல ஊசி. எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத படம் எதுவோ அதற்கு அது. வெள்ளிக்கிழமை மாலையில் சில பேருடைய சுவரைப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

நம் ஆள் போன வருஷமே இந்த வகுப்பில் கோட்டை விட்டவள். கல்லூரி வாசலில் படுத்திருந்த ஒரு நாயைப் பற்றி எழுதினாள். 'இந்த உலகில் இதற்கு யாருமே இல்லை' என்று ஆரம்பித்து மூன்று பக்கம் உருகியிருந்தாள். கண்காட்சி நாளில் முதல்வர் வந்தார். படத்தைப் பார்த்தார். அது அவர் வீட்டு நாய். வாரம் இரண்டு முறை குளியல், தனிப் படுக்கை, பிறந்தநாளுக்குத் தொப்பி. எட்டாவது படத்தில் அதன் கழுத்துப்பட்டை பளபளவென்று மின்னிக்கொண்டிருந்ததைப் படம் எடுத்தவள் மட்டும்தான் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவள் பெயில் ஆனாள். அன்றிலிருந்து அவளுக்கு நாய்க்காரி என்று பெயரும் ஆனது.

இரண்டாவது முறையும் பெயில் என்றால் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது கல்லூரியின் சட்டம். அவளுக்கோ கேமராவையும் பேனாவையும் விட்டால் வேறு எதுவும் கையில் நிற்காது. ஆகவே இந்த முறை நிஜத்தைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்று சத்தியமே செய்திருந்தாள். அந்தச் சத்தியம் மாடிப்படி வரைக்கும் வந்தது.

வகுப்பில் எழுத்து மேடம் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வரி" என்றார். பிறகு இன்னொரு முறை, "இதுதான்மா வரி" என்றார். கண்காட்சியின் நுழைவுச் சுவர் நாய்க்காரிக்கு என்று அங்கேயே முடிவானது. அழைப்பிதழிலும் அந்த வரியையே அச்சடிக்கச் சொல்லிவிட்டார். படத்து சார் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மேடம்கிட்ட சொல்லும்மா, படம் வரட்டும், அப்புறம் அழலாம்னு" என்றார்.

நாய்க்காரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் படத்துக்கு என்ன செய்வது என்ற கவலை வந்தது.

ஏனென்றால் அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா, அந்த வட்டாரத்திலேயே மிக அதிகமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணி. அத்தையும் மாமாவும் கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடை நடத்தினார்கள். பன்னிரண்டடி நீளம், ஏழடி அகலம். துணி தேய்ப்பவர்கள் நின்றுகொண்டுதான் தேய்ப்பார்கள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அத்தை உட்கார்ந்துகொண்டு தேய்ப்பாள். மேனேஜர்கள் சுற்றிச் சுற்றி ஆடுவார்களே, அந்த மாதிரி அடியில் ஐந்து சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்று அவளிடம் இருந்தது. அதற்குத் தோதாகத் தேய்க்கும் மேஜையின் கால்களை மாமா ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார். அதில் ஒரு கால் கொஞ்சம் கூடுதலாகக் குட்டையாகிவிட, அடியில் ஒரு பழைய அகராதி கிடந்தது.

காலால் தரையை ஒரு உந்து உந்தினால் அத்தை மேஜைக்குப் போய்விடுவாள். இன்னொரு உந்துக்கு அழுக்கு மூட்டை. அரை உந்துக்கு வாசல். மேல்தட்டில் தொங்கும் சட்டையை எடுக்கக் கொக்கி வைத்த கம்பு இருந்தது. ஐந்தில் ஒரு சக்கரம் மட்டும் 'கீச்' என்று கத்தும். எண்ணெய் விட வந்த மாமாவை அத்தை விரட்டிவிட்டாள். "நான் வர்றது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

கடையில் வேறு நாற்காலி கிடையாது. போட்டால் அத்தை உருளுவதற்கு வழி இருக்காது. அதனால் மாமா நிற்பார்.

திங்கட்கிழமை நாய்க்காரி கேமராவோடு கடைக்குப் போனாள். "அத்தை, கொஞ்சம் எழுந்து நில்லுங்களேன்."

"எதுக்கு?"

"போட்டோவுக்கு."

"போட்டோ எடுக்கிறவ நீ. நீ நில்லு."

செவ்வாய்க்கிழமை வேறு வழி பார்த்தாள். கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அத்தை, காலுக்கடியில பல்லி!" என்று அலறினாள். அத்தை எழவில்லை. இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டு, "என்னங்க, பல்லியாம், பாருங்க" என்றாள். மாமா கால்மணி நேரம் மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினார். புதன்கிழமை துணிந்து நாற்காலியையே தூக்கிக் கடையின் பின்பக்கம் ஒளித்து வைத்தாள். அத்தை வந்தாள், கடைக்குள் ஒரு பார்வை பார்த்தாள், ஷட்டரை இறக்கச் சொன்னாள். "நாற்காலி இல்லேன்னா கடை இல்ல." வாசலில் துணி வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் பனியனோடு நின்றுகொண்டு, இன்னும் அரைமணியில் தனக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும் என்று கெஞ்சினார். நாய்க்காரி திருதிருவென்று விழித்தபடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். 'கீச்' என்ற சத்தம் கேட்டதும்தான் ஷட்டர் ஏறியது.

கடைசியில் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி பத்துப் படம் எடுத்தாள். நாற்காலி எங்கேயும் விழாமல் கண்ணும் கருத்துமாக வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை படத்து சார் சிவப்பு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். "இவர் யாரு?"

"எங்க மாமா, சார்."

"நிக்கிறாரா?"

"நிக்கிறார் சார்."

"உங்க அத்தை தலை அவர் முழங்கை வரைக்கும்தான் வருது?"

"அத்தை குள்ளம் சார். ரொம்ப."

எழுத்து மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "குள்ளமான அந்த அம்மா, முப்பது வருஷமா நின்னுக்கிட்டே... எழுதும்மா, அதையும் எழுது."

எழுதினாள். வேறு என்ன செய்வாள்? சார், மேலேயிருந்து எடுத்த ஏழாவது படத்துக்குக் குனிந்தார். மூலையில் கறுப்பாக, விரல்நுனி அளவுக்கு ஏதோ எட்டிப் பார்த்தது. "இது என்ன, சக்கரம்?"

"துணி தள்ளுற வண்டி சார்."

அதையும் எழுத வேண்டியதாயிற்று. ஆக ஒரு வரி மூன்று வரியானது. சார் அன்றைக்கு ஊசி குத்தவில்லை. ஆனால் அந்த ஊசியைத் திரும்ப டப்பியில் போடவும் இல்லை, சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

இன்னொரு சங்கடமும் மிச்சம் இருந்தது. நாய் விவகாரத்துக்குப் பிறகு கல்லூரி ஒரு புது விதி போட்டிருந்தது. கண்காட்சி தொடங்கும் நாளில் கதைக்குரிய ஆள் நேரில் வந்து தன் சுவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அத்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று நாய்க்காரி திட்டம் போட்டு வைத்திருந்தாள். நான்காவது பொய் தயாராக இருந்தது. ஆனால் எழுத்து மேடம் ஆர்வம் தாங்காமல் அழைப்பிதழைக் கடை முகவரிக்கே தபாலில் அனுப்பிவிட்டார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம் அவள் கடைக்குள் நுழைந்தபோது மாமா அழைப்பிதழை எட்டப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "'முப்பது ஆண்டுகளாக என் அத்தை உட்கார்ந்ததே இல்லை.'" அழைப்பிதழைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அம்மாடி, உனக்கு எத்தனை அத்தை?"

"ஒண்ணுதான் மாமா."

"பத்தொன்பது வருஷமா இந்தக் கடைல நிக்கிறவன் நான். என்னைப் பத்தி யாரும் ஒரு வரி எழுதல."

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு உந்து உந்தி, 'கீச்' என்று நாய்க்காரியின் முன்னால் வந்து நின்றாள். "யாருடி இந்தப் பொம்பளை?"

"அத்தை... அது வந்து, உட்கார்ந்திருக்கிறவங்களைப் பத்தி எழுதினா யாரு படிப்பாங்க? நின்னாதான் பாவமா இருக்கும்."

"பாவமா இருக்கணுமா நான்?"

நாய்க்காரி கேமராவைப் பைக்குள் வைத்தாள்.

"கடை போடறதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணிட்டிருந்தேன், தெரியுமா உனக்கு? ஒரு பெரிய துணிக்கடைல சேல்ஸ். பதினோரு வருஷம். காலைல போனா கடை மூடுற வரைக்கும் நிக்கணும். ஆளே வரலேன்னாலும் நிக்கணும். ஒரே ஒரு ஸ்டூல் இருந்துச்சு. சூப்பர்வைசர் அதையும் தூக்கிட்டுப் போயி அவர் ரூம்ல அதுமேல பூந்தொட்டிய வச்சுட்டாரு. செடி உட்கார்ந்திருந்துச்சு, நாங்க நின்னோம். கால் வலி தாங்கலேன்னா பாத்ரூம்ல போயி கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு நிமிஷம் உட்காருவோம். அதுக்கும் வரிசை."

மாமா அழைப்பிதழை மெதுவாக மடித்தார்.

"கடை போட்டப்போ நான் மொதல்ல வாங்கினது இந்த நாற்காலியைத்தான். அயர்ன் பாக்ஸ் அப்புறம்தான் வந்துச்சு. ரெண்டு நாள் கடைல ஒண்ணுமே கிடையாது. நானும் நாற்காலியும் மட்டும்தான். துணி கொண்டுவந்தவங்ககிட்ட 'நாளைக்கு வாங்க'ன்னு சொன்னேன். உட்கார்ந்துகிட்டே சொன்னேன்." அத்தை நாற்காலியின் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினாள். "அவங்க என்னைப் பதினோரு வருஷம் நிக்க வச்சாங்க. நீ ஒரே வரில முப்பது வருஷம் நிக்க வச்சுட்டியேடி."

நாய்க்காரிக்கு அவமானமாக இருந்தது. பெயில் ஆனபோதுகூட அப்படி இருந்ததில்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிற நாற்காலி. அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் மூக்கைச் சிந்தப் போனாள், மாமா சட்டென்று அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பழைய துண்டைக் கொடுத்தார்.

நாளைக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் பெயில், படிப்பும் போச்சு. ஒப்புக்கொள்ளாவிட்டால் அத்தை நின்றுகொண்டே இருப்பாள், கல்லூரிச் சுவரில், எல்லோரும் பார்க்க. அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "அத்தை, மொதல்லேர்ந்து சொல்லுங்க. பூந்தொட்டில என்ன செடி?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கள்ளி" என்றாள்.

மறுநாள் காலை நுழைவுச் சுவரில் பழைய தாள் அப்படியே இருந்தது. அதில் மூன்று வரியில் மூன்று சிவப்பு ஊசி. மூன்றையும் நாய்க்காரியே குத்தியிருந்தாள். பக்கத்தில் புதுத் தாள், 'என் அத்தை உட்கார்ந்திருக்கிறாள்' என்று தொடங்கியது. நடுவில் பெரிதாக ஒரே ஒரு புதுப் படம்: ஐந்து சக்கரத்தோடு நாற்காலி, அதில் அத்தை, மடியில் கொக்கிக் கம்பு. படம் எடுப்பதற்கு முன்னால் நாற்காலியின் மெத்தையைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டதால் முகத்தில் ஒரு மிடுக்கு.

முதல்வர் ரிப்பன் வெட்ட வந்தார். நல்ல வேளை, நாயைக் கூட்டிவரவில்லை. எழுத்து மேடம் சுவரைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். "என்னம்மா இது" என்பதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. எழுத்து மேடத்துக்கே வார்த்தை வரவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த நேரத்தில் நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து 'கீச்' என்று கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். நாற்காலியில் அத்தை, நல்ல புடவையில். பின்னாலிருந்து மாமா வியர்த்து வழியத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு தெரு, ஒரு மேடு, ஒரு லிஃப்ட் தாண்டி வந்திருந்தார்கள். நாற்காலி தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

படத்து சார் சட்டைப்பையிலிருந்து அந்த ஊசியை எடுத்தார். புதுத் தாளை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒரு வரி, ஊசி கிட்டே போகும். படத்தைப் பார்ப்பார், ஊசி திரும்பி வரும். அடுத்த வரி. துணிக்கடை, பூந்தொட்டி, அயர்ன் பாக்ஸ் இல்லாத இரண்டு நாள். நாய்க்காரி காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சார் கடைசிப் பத்திக்கு வந்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை எழுந்தாள்.

எழுந்தாள் என்றால் எழுந்துகொண்டே இருந்தாள். படத்து சாரின் தலைக்கு மேலே போய்த்தான் அது நின்றது. "இவங்களா குள்ளம்?" என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். அத்தை அதைக் காதில் வாங்கவில்லை. நாய்க்காரியின் தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். "உட்காருடி மொதல்ல. நின்னு நின்னு என்னத்தைக் கண்டோம்."

மெத்தை இன்னும் சூடாக இருந்தது. இவ்வளவு சுகமான நாற்காலியா இது என்று நாய்க்காரி நினைத்தாள்.

படத்து சார் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், திரும்பித் தாளின் கடைசி வரியைப் பார்த்தார். 'இந்த நாற்காலியில் என் அத்தையைத் தவிர இதுவரை யாருமே உட்கார்ந்ததில்லை.' சிவப்பு ஊசி அந்த வரியில் இறங்கியது.

"மேடம்" என்றார் சார். யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை, நேராகவே கூப்பிட்டார். "ஒரு வரி தப்பு."

"பார்த்தேன் சார்" என்றார் மேடம், அவரும் நேராகவே. "எழுதினப்போ நிஜம்தான். இப்பதான் தப்பாச்சு."

"அந்த மூணு ஊசியும் அவளே குத்திக்கிட்டது. கண்டுபிடிச்சது நாம இல்ல."

"இல்ல சார்."

"அப்போ பாஸ்தானே?"

"பாஸ்தான்."

வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நாய்க்காரி பாஸ் ஆனது பெரிதா, இவர்கள் இருவரும் பேசிக்கொண்டது பெரிதா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

நாய்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாமா காலியான நாற்காலியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "அந்த வரிதான் எப்படியும் போச்சே. ஒரு நிமிஷம் நானும் உட்கார்ந்து பாக்கட்டுமா?"

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் இதை அவர் கேட்டதே இல்லை, அவளும் 'உட்காருறீங்களா' என்று கேட்டதில்லை. பூந்தொட்டி ஞாபகம் வந்ததோ என்னவோ, அவளுடைய முகம் ஒரு மாதிரியானது. நாற்காலியைத் தானே அவர் பக்கம் திருப்பினாள். "உட்காருங்க."

மாமா உட்கார்ந்தார். "அப்பாடா" என்று அவர் விட்ட பெருமூச்சு முதல்வர் வரைக்கும் கேட்டது. ஒரு நிமிஷம் ஆனது. ஐந்து நிமிஷம் ஆனது. எழுவதாகத் தெரியவில்லை. அத்தை நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு, கண்காட்சி முழுக்க அவர் பின்னால் நின்றாள்.

நாய்க்காரியின் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகத் தலைகீழாக நின்றும் கிடைக்காத படம், மூன்றடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில். அத்தை அவள் கை போகிற இடத்தைக் கவனித்துவிட்டாள்.

"எடுத்தே, தொலைச்சுடுவேன்."

அவள் எடுக்கவில்லை.